அண்ணன் மனுப் போட்டிருக்கும்போது விசிட் விசாவுக்குப் போகலாமா?

வணக்கம் நேயர்களே. இந்த நேரத்தில் பாதிப் பேர் அடுக்களையில் இருப்பீர்கள், மீதிப் பேர் கடையிலோ ஓட்டோவிலோ கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பேனாவும் தாளும் தேட வேண்டாம். கைவேலையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். முக்கியமானதை நான் இரண்டு தரம் சொல்கிறேன்.

நான் கல்லடியில் இருக்கிற ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி இவற்றை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுப்பது என் தொழில். ஆனால் என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்கள் பத்திரத்தை நீட்டிவிட்டு அடுத்ததாகக் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். “தம்பி, அமெரிக்காவில இருக்கிற அண்ணன் எங்களுக்கு மனுப் போட்டு வருசக்கணக்காகுது. இப்ப அவர்ர மகளுக்குக் கல்யாணம். ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வர விசிட் விசாப் போடலாமா? போட்டால் அந்த மனு பழுதாகிப் போகுமா?”

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடலாம். மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக விசிட் விசாவுக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்று அமெரிக்கச் சட்டத்தில் இல்லை. விசிட் விசா மறுக்கப்பட்டாலும் அண்ணன் போட்ட மனு அந்த மறுப்பால் ரத்தாகாது. மனு கெடுவது பொய் சொல்லும்போதுதான். இந்தக் கடைசி வரியைத்தான் இன்றைக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

மனு என்றதும் ஒரு சின்ன விளக்கம். நம்மூரில் பெட்டிசம் என்றால் ஒருவர்மேல் எழுதிப் போடுகிற முறைப்பாடு. அதனால் வயதானவர்கள் சிலர் அந்தச் சொல்லைக் கேட்டே பயப்படுகிறார்கள். இது அப்படியான பெட்டிசம் இல்லை. ஐ-130 என்ற படிவத்தில், “இவர் என் உடன்பிறப்பு, இவரை என்னோடு சேர்த்துவிடுங்கள்” என்று அங்கே இருக்கிற உறவினர் அந்த நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்திடம் வைக்கிற வேண்டுகோள். அது ஏற்கப்பட்டாலும் உடனே விசா கிடைக்காது. வரிசையில் ஓர் இடம் கிடைக்கும். அவ்வளவுதான்.

அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று தெரிந்தால்தான் நம்முடைய சனம் ஏன் இப்படித் தவிக்கிறது என்பது விளங்கும். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குக் குறைந்த திருமணமாகாத பிள்ளைகள், தாய் தகப்பன் ஆகியோருக்கு வருடத்துக்கு இத்தனை பேர்தான் என்ற எல்லை இல்லை. சகோதரர்களுக்கு எல்லை உண்டு. உலகம் முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு ஏறத்தாழ 65,000 விசா. அதிலேயே அவர்களுடைய கணவன், மனைவி, பிள்ளைகளும் அடங்கிவிடுவார்கள். அதனால் ஒரு தங்கைக்காக அண்ணன் போட்ட மனு முறைக்கு வர 15 வருடத்துக்கும் மேலாகிறது. மனுப் போட்ட திகதிதான் உங்கள் வரிசை எண் மாதிரி. அந்த நாட்டு வெளிவிவகாரத் திணைக்களம் ஒவ்வொரு மாதமும் விசா புலெட்டின் என்று ஒன்றை வெளியிடும். இப்போது எந்தத் திகதிக்காரருக்கு முறை வந்திருக்கிறது என்று அதில் பார்க்கலாம்.

15 வருடம் என்றால் யோசித்துப் பாருங்கள். மனுப் போட்டபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை ஓ.எல் எழுதி முடித்துவிடும். அதற்குள் அங்கே ஒரு கல்யாணம் நடக்கும், ஒரு சாவீடு நடக்கும். இதையெல்லாம் வீடியோவில் பார்த்துக்கொண்டு இருங்கள் என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கேட்டு வருகிறவர்களின் ஆசை நியாயமான ஆசை. அதனால்தான் அதைச் சரியான வழியில் செய்யுங்கள் என்று இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, சிக்கல் எங்கே? 1952ஆம் ஆண்டின் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தில் 214 பி என்று ஒரு பிரிவு. விசிட் விசா கேட்டு வருகிற எவரையும், அங்கேயே தங்கப் போகிறவர் என்றுதான் அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. திரும்பி வருவேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. எல்லோருக்கும் இதுதான் விதி. இதில் அண்ணன் மனுவும் போட்டிருந்தால், அங்கே குடியேறும் விருப்பம் உங்களுக்கு உண்டு என்று ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. ஆகவே, “குடியேறும் விருப்பம் பிறகு, என் முறை வரும்போது. இந்தத் தடவை போய்விட்டு வந்துவிடுவேன்” என்பதை நீங்கள் விளங்கவைக்க வேண்டும். அண்ணன் அனுப்புகிற அழைப்புக் கடிதமும் அவருடைய வங்கிக் கணக்கும் இதற்கு உதவாது. அவர்கள் பார்ப்பது உங்களை இங்கே கட்டிவைத்திருப்பது என்ன என்பதைத்தான்.

இந்த இடத்தில் நம்முடைய மட்டக்களப்பு, அம்பாறைச் சனத்துக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

படுவான்கரையிலிருந்து ஓர் அக்கா வந்தார். வாழ்க்கை முழுவதும் வயலோடு கிடந்தவர். அண்ணன் நியூ ஜேர்சியில். 2009இல் தங்கைக்கு மனுப் போட்டிருக்கிறார். மருமகளின் கல்யாணத்துக்குப் போக விசாக் கேட்டு, இரவு ரயிலேறிக் கொழும்புக்குப் போய் நேர்முகம் முடித்து, மறுநாளே மறுப்புத் தாளோடு என்னிடம் வந்தார். தாளில் 214 பி. “என்ன கேட்டாங்க அக்கா?” என்றேன். “சொந்தமா வீடு இருக்கா எண்டு கேட்டாங்க. இல்லை எண்டன்.” “ஏன் இல்லை எண்டீங்க?” “வீட்டை மூத்தவளுக்கு எழுதிக் குடுத்தாச்சே. பொய்யா சொல்லச் சொல்றீங்க, தம்பி?”

அக்கா சொன்னது உண்மை. நம்முடைய பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்குக் கல்யாணம் என்றால் உறுதி மகளின் பெயருக்குப் போகும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். தாய் தகப்பன் அதே வளவில் பின்பக்கம் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். இளைய மகளுக்குக் கல்யாணம் முற்றாகும்போது அதற்கும் ஒரு வீடு கட்ட வேண்டும். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கம்தான். முன்பு முக்குவர் சட்டம் என்று தாய்வழிச் சொத்துக்கே ஒரு தனிச் சட்டம் இந்தப் பகுதியில் இருந்தது. சட்டம் போய்விட்டது, வழக்கம் போகவில்லை. அது நல்ல வழக்கம் என்பதுதான் என் எண்ணம். ஒரு பெண்ணுக்குக் காலடியில் சொந்த நிலம் இருப்பது சின்ன விசயமா?

ஆனால் தூதரக யன்னலுக்கு அப்பால் நிற்கிற அதிகாரிக்கு இது எதுவும் தெரியாது. ஒரு நேர்முகம் மூன்று நான்கு நிமிடம்தான். நீங்கள் சுமந்துகொண்டு போகிற பைலை அநேகமாகத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். உங்கள் வாயிலிருந்து வருவதுதான் சாட்சி. அன்றைக்கு அதிகாரியின் காதில் விழுந்தவை: அண்ணன் அமெரிக்காவில், குடியேற மனு இருக்கிறது, சொந்த வீடு இல்லை, வேலை இல்லை. வேலை என்ன என்று கேட்டதற்கு அக்கா “சும்மா வீட்டிலதான்” என்றிருக்கிறார். அவருடைய பெயரில் மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. பெரும்போகமும் சிறுபோகமும் அவர்தான் ஆள் பிடித்துச் செய்விக்கிறார். பட்டியில் மாடு இருக்கிறது. 86 வயதுத் தாய் அவர் கையால்தான் சாப்பிடுகிறார். கணவரும் இங்கேதான் இருக்கப் போகிறார். இதில் ஒன்றையும் அவர் சொல்லவில்லை. கேட்கவில்லையே என்றார்.

அடுத்த தடவை ஏழெட்டு மாதம் கழித்து விண்ணப்பித்தார். 214 பி மறுப்புக்கு மேன்முறையீடு கிடையாது. ஆனால் நிலைமையை இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும் என்றால் திரும்ப விண்ணப்பிக்கலாம். கட்டணம் 185 டொலர் மறுபடி கட்ட வேண்டும், மறுத்தால் திருப்பித் தர மாட்டார்கள். பொய் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை நான். உள்ளதைச் சொல்லத்தான் பழக்கினேன். வீடு இருக்கிறதா என்றால், “எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டோம், அதே வளவில் நாங்கள் இருக்கிறோம், வயல் என் பெயரில் இருக்கிறது” என்று சொல்ல வேண்டும். மனு இருக்கிறதா என்றால், “ஓம், அண்ணன் 2009இல் போட்டார், எனக்கு இன்னும் முறை வரவில்லை, வரும்போது அந்த வழியால் வருவேன்” என்று சொல்ல வேண்டும். இப்போது ஏன் போகிறீர்கள் என்றால், “மருமகளின் கல்யாணம் ஆனியில். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு முடிந்ததும் போய், புரட்டாதி உழவுக்கு முதல் வந்துவிடுவேன்.” எந்தப் பத்திரத்தையும்விட அந்த உழவுக் கணக்குத்தான் பலம் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அது மனப்பாடம் செய்த பதில் இல்லை, அவருடைய வருடமே அப்படித்தான் ஓடுகிறது.

விசா கிடைத்தது. இதைச் சொன்னால் எல்லோருக்கும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. முறை வரக் கிட்ட இருக்கிறவர்களுக்கும், குடியுரிமை உள்ள பிள்ளை மனுப் போட்ட தாய் தகப்பனுக்கும் இது இன்னும் கடினம். அவர்களுக்கு வரிசை குறுகியது என்று அதிகாரிக்குத் தெரியும்.

இனிப் படிவத்துக்கு வருகிறேன். விசிட் விசாப் படிவத்துக்கு டிஎஸ்-160 என்று பெயர். கொம்பியூட்டரில் நிரப்புவது. உங்களுக்காக யாராவது எப்போதாவது குடிவரவு மனு தாக்கல் செய்திருக்கிறார்களா என்று அதில் நேராகவே கேட்டிருக்கும். ஊரில் வருகிற ஆலோசனை என்ன? “இல்லை எண்டு போடுங்க, அவங்களுக்கு எங்க தெரியப்போகுது.” நேயர்களே, மனுவைப் பதிந்து வைத்திருப்பது அந்த நாட்டு அரசாங்கமே. உங்கள் பெயரையும் பிறந்த திகதியையும் போட்டதும் தெரிந்துவிடும்.

ஒரு தம்பி வந்தார், பாவம், அவருக்கு அந்தக் கேள்வியே தெரியாது. ஒரு கடையில் கொடுத்து நிரப்புவித்திருக்கிறார். நிரப்பியவர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று அடித்துக்கொண்டே போயிருக்கிறார். நேர்முகத்தில் அந்தப் பதிலை நீட்டித்தான் கேட்டார்கள். கடைக்காரர் நிரப்பினார் என்று சொல்லித் தப்ப முடியாது, ஏனென்றால் கடைசியில் ஒப்பமிடுவது நீங்கள். யாராவது உதவி செய்தார்களா என்றுகூட அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. தெரிந்தே பொய் சொன்னதாக அதிகாரி தீர்மானித்தால் வருவது ஒரு தடவை மறுப்பு மட்டும் இல்லை, வாழ்நாள் தடை. அதிலிருந்து விலக்குக் கேட்க அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள கணவன், மனைவி, தாய் அல்லது தகப்பன் வேண்டும். அண்ணன் அந்தக் கணக்கில் வர மாட்டார். அப்படியென்றால் 15 வருடம் காத்த அந்த மனுவே பயனில்லாமல் போகிறது. நான் முதலில் சொன்னது இதைத்தான்: விசிட் விசாவால் மனு கெடாது, பொய்யால் கெடும். நிரப்பியதில் ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். பல வருடம் கழித்துக் குடிவரவு நேர்முகத்துக்குப் போகும்போது இரண்டு பதிலும் ஒத்துப்போக வேண்டும்.

அப்புறம், “போய் இறங்கினால் போதும், அங்கயே மாத்திக்கொள்ளலாம்” என்று ஒரு பேச்சு. தங்கும் எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு சுற்றுலா என்று சொல்லி நுழைவதும் பொய்தான். சகோதர மனுக்காரர் முறை வராமல் அங்கே எதையும் மாற்றவும் முடியாது. காலம் கடந்து 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் 3 வருடம் நுழையத் தடை, ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் 10 வருடம். 1996ஆம் ஆண்டுச் சட்டம் அது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் மூன்று விரலைக் காட்டுகிறார். விமான நிலையத்து விசயத்தை ஆறுதலாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். விசாவில் உள்ள முடிவுத் திகதி நீங்கள் தங்கக்கூடிய கடைசித் திகதி இல்லை. அதை விமான நிலைய அதிகாரி தீர்மானிப்பார், பெரும்பாலும் ஆறு மாதம். ஐ-94 என்ற பதிவில் அது இருக்கும். இறங்கியதும் மருமகப்பிள்ளையிடம் சொல்லி இணையத்தில் அந்தத் திகதியைப் பாருங்கள். கைப்பையில் எல்லா மூலப் பத்திரங்களையும் அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். கல்யாணத்துக்குப் போகிறவருக்குப் பாடசாலை விடுகைப் பத்திரம் எதற்கு?

கனடாவில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சட்டம் கொஞ்சம் வேறு. குடியேறும் விருப்பம் இருந்தாலும், காலம் முடியத் திரும்புவார் என்று அதிகாரி நம்பினால் தற்காலிக விசா கொடுக்கலாம் என்று அவர்களுடைய சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தாய் தகப்பனுக்கு, பேரன் பேத்தி உள்ளவர்களுக்கு சூப்பர் விசா இருக்கிறது, ஒரு தடவைக்கு ஐந்து வருடம்வரை தங்கலாம். அங்கேயும் பொய் சொன்னால் ஐந்து வருடத் தடை. இதை விரிவாகச் சொல்ல இன்னொரு நாள் வர வேண்டும்.

படுவான்கரை அக்கா புரட்டாதி பிறக்க முதல் வந்துவிட்டார். மாதம் ஒருக்கா எனக்குப் போன் எடுப்பார், புலெட்டினில் திகதி நகர்ந்திருக்கிறதா என்று கேட்க. பார்த்துச் சொல்வேன். வணக்கம்.