சில்கி கோழி: கொக்கி இல்லாத இறகு

நேயர்களுக்கு வணக்கம்.

நாட்டுக்கோழியின் இறகு ஒன்றை எடுத்து நடுவே விரலால் பிரித்துப் பாருங்கள், பிளந்துகொள்ளும். அடியிலிருந்து நுனிவரை நீவிவிட்டால் மறுபடி சேர்ந்துவிடும். இறகின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் இறகு தகடு போல நிற்கிறது. சில்கி கோழியின் இறகில் அந்தக் கொக்கி கிடையாது. இழைகள் தனித்தனியே இலவம்பஞ்சு மாதிரி பறந்துகொண்டிருக்கும். அதன் அழகும் அதில்தான், வளர்ப்பவர் படும் பாட்டில் பாதியும் அதில்தான்.

சீனாவில் இதன் பெயர் கறுப்பு எலும்புக் கோழி. ஜியாங்சி மாகாணத்தின் தைஹே வட்டாரம் இதற்குப் பேர்போனது. பிள்ளை பெற்றவளுக்கு இதை வேகவைத்த சூப்பு கொடுப்பது அங்கே வழக்கம். பூனை போல ரோமம் உள்ள கறுப்புக் கோழிகள் அந்த நாட்டில் உண்டு என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே அங்கு போய்வந்த மார்க்கோ போலோ சொல்லிவைத்தார். வெள்ளைச் சில்கியின் பஞ்சை விலக்கினால் உள்ளே தோல் கருநீலம், எலும்பும் கறுப்பு. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கருங்கோழியான கடக்நாத்தின் கறுப்புக்கும் இதன் கறுப்புக்கும் ஒரே மரபணு மாற்றம்தான் காரணம்.

சாது என்றால் அப்படி ஒரு சாது. குழந்தை தூக்கினாலும் மடியில் அடங்கி உட்காரும். அமெரிக்கத் தர அளவின்படி சேவல் 1 கிலோ, பெட்டை 900 கிராம். பறக்க முடியாது என்பதால் இடுப்பளவு வலையே போதும். ஆனால் நாயும் கீரியும் வந்தால் தப்பிக்கவும் தெரியாது. இரவில் கூண்டு பூட்டியே இருக்கவேண்டும். முட்டைக்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம். ஆண்டுக்கு நூறு கிடைத்தால் பெரிது, அதுவும் சிறியது.

முதல் எதிரி ஈரம். நாட்டுக்கோழி மழையில் நனைந்தால் உதறிவிட்டுப் போய்விடும். சில்கி தோல்வரை ஊறி விறைத்து நிற்கும். துவட்டிச் சூடு காட்டவில்லையென்றால் சளி பிடிக்கும். காலிலும் இறகு இருப்பதால் சேறு விரல்களுக்கு நடுவே கட்டிகட்டியாக ஒட்டிக் காயும். ஆகவே கூண்டின் தரையை மேடாக்கி, மரச்சுருளோ உமியோ மூன்று அங்குலம் பரப்புங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், மாற்றியாகவேண்டும். ஈரத் தரையில் குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வரும். தண்ணீரை அகலத் தட்டில் வைத்தால் தாடியும் கொண்டையும் நனைந்து அழுகல் நாற்றம் எடுக்கும். கொத்தினால் சொட்டும் நிப்பிள் குழாய் வைப்பது நல்லது. உட்காரும் கட்டை தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் வேண்டாம். சித்திரை வெயிலில் இந்தப் பஞ்சு போர்வையாகிவிடும், நாள் முழுக்க நிழல் இருக்கவேண்டும்.

அடுத்தது தலை. கொண்டை இறகு கண்ணை மறைத்தால் கோழி எதையும் தாமதமாகப் பார்க்கும், தொட்டவுடன் திடுக்கிடும், மற்ற கோழிகளிடம் கொத்து வாங்கும். கண்ணைச் சுற்றி மழுங்கல் முனைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். உச்சி புடைத்த சில்கிகளுக்கு மண்டை ஓட்டில் அந்த இடத்தில் எலும்பு முழுதாக மூடியிருக்காது. பெரிய ஜாதிச் சேவல் ஒரு கொத்துக் கொத்தினால் போதும், கழுத்து திருகித் தலை பின்னுக்குப் போய்விடும். சண்டைக்கோழியோடு சேர்த்து விடவே கூடாது. வைட்டமின் ஈ குறைவாலும் கழுத்து திருகும். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. வெள்ளைக்கழிச்சலிலும் இதே அடையாளம்தான். கழுத்து திருகிய கோழியை முதலில் தனியே பிரியுங்கள், மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பிறகு சத்து மருந்தைப் பற்றி யோசிக்கலாம். வெள்ளைக்கழிச்சலுக்கான 7-ஆம் நாள் கண் சொட்டு மருந்தும், 8-ஆம் வாரத்து ஊசியும் தவறவேண்டாம். கால், இறக்கையை முடக்கும் வைரஸ் நோயான மாரெக்ஸுக்கும் இந்த ஜாதி சீக்கிரம் ஆளாகும். அதற்கான தடுப்பூசி பொரித்த அன்றே போடவேண்டியது, குஞ்சு வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை தொல்லைக்கும் ஈடுகட்டுவது அதன் அடை. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் உட்கார்ந்துவிடும். முட்டையே இல்லாவிட்டால் கூழாங்கல் மேலும் உட்காரும். இங்கிலாந்தில் ஃபெசன்ட் போன்ற வேட்டைப் பறவைகளின் முட்டைகளைப் பொரிக்கவைக்கவே சில்கி கலப்புப் பெட்டைகளை வளர்த்தார்கள். நாட்டுக்கோழி முட்டை ஆறேழு தாராளமாக வைக்கலாம். இருட்டியபின் வையுங்கள். 7-ஆம் நாள் ராத்திரி டார்ச் பிடித்துப் பார்த்து, நரம்பு ஓடாத கூமுட்டையை எடுத்துவிடுங்கள். தினமும் ஒருமுறை தூக்கி இறக்கித் தீனியும் தண்ணீரும் காட்டவேண்டும், இல்லையென்றால் இது எழுந்திருக்காமலே எலும்பும் தோலுமாகிவிடும். 18-ஆம் நாளுக்குப் பிறகு கை வைக்காதீர்கள், 21-ல் பொரியும். அடியில் நீளமாகத் தொங்கும் இழைகள் குஞ்சின் கழுத்தில் நூல் மாதிரி சுற்றி இறுக்கிக் கொன்றுவிடும். அதனால் அடை வைக்கும்முன்பே வயிற்றுப் பக்கத்து இழைகளைக் கத்தரித்துவிடுங்கள்.

அடை வேண்டாமென்றால் தெளியவைப்பதிலும் கவனம் தேவை. கிராமத்தில் மூக்கில் இறகு செருகுவார்கள், தண்ணீரில் முக்குவார்கள். முன்னது கொடுமை. பின்னது சில்கிக்கு ஆபத்தும்கூட, அந்தப் பஞ்சு காயவே அரைநாள் ஆகும். அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில், படுக்கை எதுவும் போடாமல், மூன்று நான்கு நாள் வைத்தாலே தெளிந்துவிடும்.

கடைசியாக, வாங்கும் இடத்தில் காலைப் பாருங்கள். சில்கிக்கு ஐந்து விரல், ஐந்தாவது தனியே மேல்நோக்கி வளைந்திருக்கும். பஞ்சு இறகு ஒடுங்கு குணம், தாய் தந்தை இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும். ஐந்து விரல் ஓங்கு குணம், ஒரு பக்கம் வந்தாலே தெரியும். எனவே நாட்டுக்கோழியோடு கலந்த குஞ்சுக்குப் பெரும்பாலும் விரல் ஐந்து இருக்கும், இறகு சாதாரணமாக இருக்கும். நான்கு விரலும் பஞ்சு இறகுமாக இருந்தாலும் எங்கோ கலப்பு இருக்கலாம். இரண்டு மாதக் குஞ்சைக் காட்டி இது பெட்டை என்று அடித்துச் சொல்பவரை நம்பவேண்டாம். நாலைந்து மாதம் கழிந்து, கொண்டை இறகு உருண்டையாக நின்றால் பெட்டை, பின்னோக்கி நீண்டு வழிந்தால் சேவல். அதுவும் சந்தேகமாக இருந்தால், கூவும்வரையோ முட்டையிடும்வரையோ காத்திருக்கவேண்டியதுதான்.

வணக்கம்.