குறி சொல்வதைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். கோயம்புத்தூரில் பொறியியல் முடித்து, மேற்படிப்புக்காக ஜிஆர்இ என்னும் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறவர்கள் சிலர் மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். கடினமான கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். எளிய கணக்கில் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

ஒரு மாணவிக்கு இப்படி ஒரு வினா. எக்ஸின் வர்க்கம் 16. எக்ஸ் பெரிதா, 4 பெரிதா? இரண்டும் சமம் என்றாள். எக்ஸ் மைனஸ் 4 ஆகவும் இருக்கலாமே! தீர்மானிக்க இயலாது என்பதுதான் விடை. மறுநாள் 16இன் வர்க்கமூலத்தையும் 4ஐயும் ஒப்பிடக் கொடுத்தேன். சூடு கண்ட பூனையாக, இதையும் தீர்மானிக்க இயலாது என்றாள். இங்கே சமம்தான். சமன்பாட்டுக்குத் தீர்வுகள் இரண்டு. வர்க்கமூலக் குறியோ குறை எண்ணை ஒருபோதும் தராது.

நம் எல்லைப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டுப் பாடநூலில் முழு எண்கள் சுழியில் தொடங்கும். குறை எண்களையும் சேர்த்தால்தான் அவை முழுக்கள். மலையாளத்தில் பூர்ண சங்க்ய என்றால் குறை எண்களும் அதில் உண்டு. இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்கள் வினாத்தாளில் ‘இன்டிஜர்’ என்று கண்டதும் முழு எண் என்று எடுத்துக்கொண்டால், குறை எண்கள் அத்தனையும் கைநழுவிப் போகும். இன்டிஜர் என்பது முழுக்கள். எதுவுமே சொல்லாமல் எக்ஸ் என்று மட்டும் கொடுத்திருந்தால் அது எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம். அரையை மறக்காதீர்கள், அதன் வர்க்கம் அதைவிடச் சிறியது.

படங்களுக்கு வருகிறேன். வண்ணாமடைக்கு வழி கேட்டவருக்குத் தாளில் கோடு போட்டுக் காட்டுகிறோம். எந்தத் திருப்பத்துக்குப் பின் எது வரும் என்பதை அதில் நம்பலாம்; தூரத்தை அளந்து பார்க்கக் கூடாது. ஜிஆர்இ வடிவியல் படமும் அப்படித்தான். நேராகத் தெரியும் கோடு நேர்கோடுதான், புள்ளிகளின் வரிசையும் சரிதான். ஆனால் செங்கோணம் போலத் தெரிவதால் அது செங்கோணமாகிவிடாது. ஆயத்தொலைத் தளமும் புள்ளிவிவர வரைபடங்களும் வேறு. அவை அளவுப்படி வரையப்பட்டவை.

தேர்வின் கணிதப் பகுதியில் 47 நிமிடங்களில் 27 வினாக்கள். குறியின் பொருளை அங்கே உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைக்காது. தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் தன் கணித வழக்காறுகளை, அதாவது குறிகளையும் படங்களையும் எப்படிப் பொருள்கொள்ள வேண்டும் என்பதை, எழுதி இணையத்தில் இலவசமாகவே தருகிறது. காசு கொடுத்துப் பயிற்சி நூல் வாங்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

அந்த மாணவி படித்தாள். அடுத்த வாரம் திண்ணையில் உட்காரும் முன்பே, “சார், மைனஸ் 13ஐ 3ஆல் வகுத்தால் ஈவு மைனஸ் 5, மீதி 2, சரிதானே? மீதி குறை எண்ணாக வரக் கூடாதல்லவா?” என்று கேட்டாள். சரிதான் என்றேன்.