நிலத்திலிருந்து எழுந்த புகை

அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேசப்போகும் ஊரில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 14 பேர். கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்குக்கூடப் போதாது. அந்த ஊர் இருக்கும் கிரஹாம் கவுண்டி முழுவதையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 2,400 பேர்தான். கவுண்டி என்றால் கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி. நிலப் பதிவு, வரி, நீதிமன்றம் எல்லாம் அதன் கையில் இருக்கும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தின் வடமேற்கே, சாலமன் ஆற்றின் தென்கிளை ஓடும் புல்வெளியில் இருக்கிறது அந்தக் கவுண்டி. ஊரின் பெயர் நிக்கோடிமஸ்.

அடிமைகளாக இருந்த மனிதர்கள் விடுதலைக்குப் பிறகு தங்கள் கையால் கட்டிய ஊர் அது. கிரஹாம் கவுண்டிக்கு 1867-இலேயே வரைபடத்தில் கோடு போட்டுவிட்டார்கள். சிக்கமாகா போரில் இறந்த ஜான் கிரஹாம் என்ற படைத் தலைவரின் பெயரையும் வைத்தார்கள். ஆனால் நிர்வாகம் என்று ஒன்று அமைந்தது 1880-இல்தான். நிக்கோடிமஸ் அதற்கு மூன்று வருடம் மூத்தது. கவுண்டி ஊரை உண்டாக்கவில்லை. ஊர் முதலில் வந்தது, கவுண்டி அப்புறம் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

கதை தொடங்குவது கென்டக்கி மாநிலத்தில். அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு கென்டக்கி சேராமல் ஒன்றியத்திலேயே இருந்தது. அதனாலேயே ஒரு கொடுமை நேர்ந்தது. லிங்கன் 1863-இல் வெளியிட்ட விடுதலை அறிவிப்பு, கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டும்தான் பொருந்தும். கென்டக்கி அடிமைகளுக்கு அது பொருந்தவில்லை. அவர்கள் 1865 டிசம்பரில் 13-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை காத்திருந்தார்கள். விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. நேற்றுவரை அடிமையாக உழுத அதே வயலில், இன்று கூலிக்கோ வாரத்துக்கோ உழ வேண்டிய நிலை. அடிக்கவும் கொளுத்தவும் தயங்காத கும்பல்கள் இரவில் சுற்றின.

மேற்கே வேறொரு சட்டம் இருந்தது. 1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டம். அரசு நிலத்தில் 160 ஏக்கர் வரை எழுதிக் கேட்கலாம். சிறு கட்டணம் கட்டி, ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் உங்கள் பெயருக்கு வந்துவிடும். பட்டா என்ற சொல்லின் கனம் தெரிந்தவர்கள் நாம். பரம்பரை பரம்பரையாகத் தானே இன்னொருவரின் சொத்தாக எழுதப்பட்டிருந்த ஒரு மனிதருக்கு, தன் பெயரில் 160 ஏக்கர் என்ற எண்ணம் என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1877 ஏப்ரலில், ஊரை அமைத்து ஆட்களைக் குடியேற்ற, நிக்கோடிமஸ் டவுன் கம்பெனி உருவானது. அதில் டபிள்யூ. ஆர். ஹில் என்ற நிலத் தரகர் மட்டும் வெள்ளைக்காரர், மற்றவர்கள் கறுப்பினத்தவர். தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித். செயலாளர் சைமன் ரவுண்ட்ட்ரீ என்ற போதகர். அடிமையாக இருந்தபோது எழுத்துப் படித்ததற்காக அவர் கன்னத்தில் சூடு போடப்பட்டது என்று சொல்வார்கள். ஜூன் மாதம் அந்த இடத்தில் முதலில் குடியேறியவரும் அவர்தான்.

பெயருக்கு இரண்டு விளக்கம் உண்டு. பைபிளில் நிக்கொதேமு என்று வருபவரின் பெயர் அது என்பது ஒன்று. தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கிய ஓர் ஆப்பிரிக்க அடிமையின் பெயர், வாய்வழிக் கதையாகவும் பாட்டாகவும் வந்தது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது.

கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில் ஒரு துண்டறிக்கை ஒட்டினார்கள். அது இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கான்சஸுக்குப் போக விரும்பும் கறுப்பின மக்கள் எல்லாரும் 1877 செப்டம்பர் 5 அன்று 5 டாலருக்குப் போகலாம் என்பது அதன் தலைப்பு. உள்ளே, சங்கத்தில் சேர ஒரு டாலர் கட்ட வேண்டும், அதைத் தவணை முறையில் இருபத்தைந்து சென்ட் வீதம் கட்டலாம் என்று இருக்கிறது. அந்த வரியை என்னால் எளிதில் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு டாலரை மொத்தமாகக் கையில் வைத்திருக்காதவர்கள் நான்கு தவணையில் கட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

செப்டம்பரில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். எல்லிஸ் என்ற ஊர்வரைதான் ரயில். அங்கிருந்து சுமார் 55 கிலோமீட்டர், பாதையென்று ஒன்று இல்லாத புல்வெளியில் நடந்தார்கள். வந்து பார்த்தால் ஊரைக் காணோம்.

அடுத்த வசந்தத்தில் கென்டக்கியின் ஜார்ஜ்டவுனிலிருந்து இன்னொரு கூட்டம் வந்தது. அதில் வில்லியானா ஹிக்மன் என்ற பெண் இருந்தார். பல வருடம் கழித்து அவர் சொன்ன நினைவுதான் இந்த ஊரைப் பற்றி எல்லாரும் எடுத்துச் சொல்வது. ஆண்கள் ஊர் தெரிகிறது என்று கத்த, இவர் எவ்வளவு உற்றுப் பார்த்தும் எதுவும் தெரியவில்லை. “நிக்கோடிமஸ் எங்கே?” என்று கேட்கிறார். கணவர், தரையிலிருந்து ஆங்காங்கே எழும் புகையைக் காட்டி, அதுதான் நிக்கோடிமஸ் என்கிறார். மக்கள் குழிகளுக்குள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார் அந்த அம்மா.

அந்தக் குழிவீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரமே அபூர்வமான நிலம் அது. ஆற்றோரக் கரைகளில் கிடைக்கும் வில்லோ, காட்டன்வுட் தவிர வேறு இல்லை. அதனால் மேட்டுச் சரிவில் குடைந்து அறை எடுப்பார்கள். முன்பக்கத்தைக் கல்லாலோ, புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டியாலோ அடைப்பார்கள். மேலே கழிகளைப் போட்டு, சுள்ளியும் மண்ணும் பரப்பினால் கூரை. குளிருக்குக் கதகதப்பு, வெயிலுக்குக் குளிர்ச்சி, அது உண்மைதான். மழை வந்தால் சேறு ஒழுகும். எரிக்க விறகு இல்லாமல், சூரியகாந்தித் தண்டையும் காய்ந்து கிடந்த காட்டெருமைச் சாணத்தையும் பொறுக்கினார்கள். வரட்டியில் சமைத்த நம் பாட்டிகளுக்கு அது புரிந்திருக்கும்.

1877 அக்டோபரில், வந்த சில வாரங்களிலேயே, எம்மா வில்லியம்ஸ் என்பவர் அப்படி ஒரு குழிக்குள் பிள்ளை பெற்றார். ஹென்றி வில்லியம்ஸ், அந்த ஊரில் பிறந்த முதல் குழந்தை.

விளம்பரத்தில் இருந்த ஊர் வேறு, தரையில் இருந்த ஊர் வேறு. கோபம் ஹில் மேல் திரும்பியது. அவரைத் தூக்கில் போடவே சிலர் தேடினார்கள், அவர் ஒளிந்து தப்பினார் என்று கதை இருக்கிறது. ஏறத்தாழ 60 குடும்பங்கள் திரும்பிப் போயின. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைக்குழந்தையோடு அந்தக் குளிரில் யாராக இருந்தாலும் போகத்தான் நினைப்பார்கள்.

ஆனால், ஏமாந்துபோன ஏழைகள் என்று இந்தக் கதையை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது எனக்கு ஒப்பவில்லை. ஏமாற்றப்பட்டார்கள், சரி. உண்மை தெரிந்த பிறகு திரும்பிப் போகவும் வழி இருந்தது, பலர் போகவும் செய்தார்கள். மற்றவர்கள் தங்கினார்கள். ஹில் விற்ற ஊரை விட்டுத்தள்ளுங்கள். தங்குவது என்று அந்தக் குடும்பங்கள் எடுத்த முடிவில்தான் உண்மையான ஊர் பிறந்தது.

அந்த முதல் குளிர்காலத்தை அவர்கள் தாண்டியதில் ஓசேஜ் பழங்குடியினருக்குப் பங்கு உண்டு. வேட்டையிலிருந்து திரும்பும் வழியில் அவர்கள் இறைச்சியைப் பகிர்ந்து கொடுத்தார்கள். அந்த ஓசேஜ் மக்கள் யார்? சில வருடங்களுக்கு முன்புதான் கான்சஸில் தங்கள் நிலத்தை இழந்து தெற்கே இன்றைய ஓக்லஹோமா பக்கம் போக வைக்கப்பட்டவர்கள். கென்டக்கிக்காரர்களுக்கு இலவசமாகக் கிடைத்த நிலம், இப்படிப் பழங்குடிகளிடமிருந்து எடுத்த நிலம்தான். அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

உழவுக்குக் குதிரையோ கலப்பையோ பெரும்பாலோரிடம் இல்லை. மண்வெட்டியாலும் களைக்கொட்டாலும் கொத்தினார்கள். பல நூற்றாண்டு புல்வேர் பின்னிக் கிடந்த மண் அது. கென்டக்கியில் ஆண்டுக்கு 1,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். இங்கே அதில் பாதி. அங்கே கற்றுக்கொண்ட விவசாயம் இங்கே உதவாது. ஆண்கள் ரயில் பாதை வேலைக்கும் தூரத்துப் பண்ணைகளுக்கும் கூலிக்குப் போனார்கள். வீட்டையும் நிலத்தின் மீதான உரிமையையும் பெண்கள் காத்தார்கள். கான்சஸின் கிழக்கு ஊர்களுக்கு ஆள் அனுப்பி உதவியும் கேட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவே பள்ளிக்கூடம் வந்துவிட்டது. டவுன் கம்பெனித் தலைவர் ஸ்மித்தின் மகள் ஜென்னி பிளெட்சர் தன் குழிவீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவரும் கணவரும் ஊரின் தபால் வேலையையும் பார்த்துக்கொண்டார்கள். பின்னாளில் கவுண்டியின் பள்ளி வரிசையில் அந்தப் பள்ளிக்குக் கிடைத்த எண் என்ன தெரியுமா? ஒன்று.

1878-இல் சிகாகோவிலிருந்து எட்வர்ட் மெக்கேப் என்ற இளைஞர் வந்தார். அலுவலக எழுத்து வேலை தெரிந்தவர். 1880-இல் கிரஹாம் கவுண்டி முறைப்படி அமைந்தபோது, ஆளுநர் அவரைத்தான் தற்காலிக எழுத்தராக நியமித்தார். அடுத்த வருடம் மக்களே அவரை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1882-இல் மாநிலத்தின் கணக்குத் தணிக்கையாளராகத் தேர்வானார், 1884-இல் மறுபடியும். வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த மாநிலத்தில் நடந்த தேர்தல்கள் அவை. அடிமைகளாக ஆவணங்களில் எழுதப்பட்டவர்களின் ஊரிலிருந்து ஒருவர் போய், கவுண்டியின் ஆவணத்தை எழுத உட்கார்ந்தார்.

1880-களின் நடுவில் மழை நன்றாகப் பெய்தது, ஊர் எழுந்தது. சுண்ணாம்புக்கல் கட்டடங்கள், கடைகள், விடுதி, வங்கி, தேவாலயங்கள், பேஸ்பால் அணி எல்லாம் வந்தன. வெள்ளைக்கார வியாபாரிகளும் வந்து கடை போட்டார்கள். 1886-இல் வெஸ்டர்ன் சைக்ளோன், 1887-இல் நிக்கோடிமஸ் என்டர்பிரைஸ் என்று இரண்டு செய்தித்தாள்கள். இனி வேண்டியது ரயில் ஒன்றுதான். ரயிலை வரவழைக்க 1887-இல் 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட வாக்களித்தார்கள். பத்து வருடத்துக்கு முன் இருபத்தைந்து சென்ட் தவணை கட்டியவர்கள்!

அவர்கள் எதிர்பார்த்த மிசௌரி பசிபிக் கம்பெனியின் ரயில் வரவில்லை. 1888-இல் யூனியன் பசிபிக்கின் பாதை வந்தது. ஆனால் ஆற்றுக்குத் தென்கரையில், சில மைல் தள்ளிப் போனது. அங்கே போக் என்ற புது ஊர் முளைத்தது. நிக்கோடிமஸ் வியாபாரிகள் கடைகளைக் காலி செய்துகொண்டு, சிலர் கட்டடத்தையே பெயர்த்துக்கொண்டு, அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கவுண்டியின் தலைமை ஊர் என்ற இடமும் அதே வருடம் ஹில் சிட்டிக்குத்தான் கிடைத்தது. ஆம், அதே ஹில் தொடங்கிய ஊர். மெக்கேப்பும் ஓக்லஹோமாவுக்குப் போய் 1890-இல் லாங்ஸ்டன் என்ற ஊரை உருவாக்கினார்.

கடைக்காரர்கள்தான் போனார்கள். பட்டா வைத்திருந்தவர்களில் பலர் போகவில்லை. வயல் இருந்தது, தேவாலயம் இருந்தது, பள்ளி இருந்தது. 1930-களின் வறட்சியும் புழுதிப் புயலும்தான் அவர்களைப் பெருமளவில் கலைத்தன. 1953-இல் தபால் நிலையம் மூடப்பட்டது. 1996-இல் அந்த ஊரைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள். ஐந்து பழைய கட்டடங்கள் நிற்கின்றன. பள்ளி எண் ஒன்றின் கட்டடமும் அவற்றில் ஒன்று.

ஒவ்வொரு ஜூலைக் கடைசி வாரத்திலும் அங்கே விடுதலை நாள் விழா நடக்கிறது. அவர்கள் வழிவழியாகக் கொண்டாடி வந்த நாள் ஆகஸ்டு 1. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் 1834-இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. நமக்கும் அந்தச் சட்டத்தோடு ஒரு தொடர்பு இருக்கிறது. அடிமைகள் விடுதலையானதும் மொரீஷியஸ் கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆள் தேடியது இந்தியாவில்தான். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. அதற்குத் தனியாக ஒரு மாலை வேண்டும்.

அந்த வார இறுதியில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான பேர் வருகிறார்கள். முதல் குடியேறிகளின் கொள்ளுப்பேரர்கள், அவர்களின் பிள்ளைகள். ஊர்வலம் போகிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள், முன்னோர்களின் பெயர் பொறித்த கல்லறைகளைப் போய்ப் பார்க்கிறார்கள். திங்கட்கிழமை கார்கள் எல்லாம் கிளம்பிய பிறகு ஊரில் பழையபடி பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நன்றி.