‘ஒன்பதாம் பெட்’ என்று சொல்லும்போது

வணக்கம். நைட் டியூட்டி முடித்துவிட்டுத் தூங்கக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருப்பவர்கள் பலர் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால், செவிலியர்களாகிய நமக்கு உணர்வுசார் நுண்ணறிவு, அதாவது நம் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து கையாளும் திறன், எதற்கு என்பதைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

நான் வார்டில் சேர்ந்த முதல் வருடம். விடியற்காலை மூன்று மணி இருக்கும். ஒன்பதாம் பெட் பெரியவர் இறந்துபோனார். அதற்கு முந்தைய அரை மணி நேரம் என் கையைப் பிடித்தபடியே இருந்தார். டாக்டர் வந்து பார்த்தார், உறவினரிடம் சொன்னோம். கண்களை மூடி, குழாய்களை எடுத்து, துணி போர்த்தி முடிப்பதற்குள் பதினோராம் பெட்டிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார்: "சிஸ்டர், டிரிப் முடிஞ்சிடுச்சு." முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடினேன். "இதோ வந்துட்டேன்மா" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தேனோ, தெரியாது. பாட்டிலை மாற்றும்போது கை நடுங்கியது. காலையில் அடுத்த ஷிஃப்டிடம் வார்டை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் நோட்டில், "ஒன்பதாம் பெட் எக்ஸ்பயர்டு, பெட் காலி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த இரவைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

உணர்வுசார் நுண்ணறிவு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது. 1990-இல் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்தக் கருத்துக்கு வடிவம் கொடுத்தார்கள். 1997-இல் அதை நான்கு திறன்களாகப் பிரித்தார்கள்: உணர்வைக் கண்டுகொள்வது, அதைச் சிந்தனைக்குப் பயன்படுத்துவது, அதன் காரணத்தையும் போக்கையும் புரிந்துகொள்வது, அதைக் கையாள்வது. ஏட்டில் படிக்கும்போது வறட்சியாக இருக்கும். வார்டில் பாருங்கள். "ஒண்ணும் இல்ல சிஸ்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்கிற நோயாளியின் கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் கிளம்பாமல் நிற்கிறீர்களே, அது முதல் திறன். "இவ்வளவு நேரம் எங்க போனீங்க?" என்று ஒரு மகன் கத்துகிறான். அது கோபம் இல்லை, பயம் என்று புரிந்துகொண்டு, "உங்க அப்பாவைப் பாத்துட்டுதான் வரேன், மூச்சு இப்ப சீராயிருக்கு" என்கிறீர்கள். அவன் குரல் இறங்கிவிடுகிறது. இரண்டாவது ஷிஃப்டின் முடிவில் ஐந்தாவது முறையாக மணி அடிக்கும்போது எரிச்சல் வருகிறது. அது நோயாளி மேல் வந்ததா, பசியில் வந்ததா என்று ஒரு கணம் யோசிக்கிறீர்கள் அல்லவா? அந்த யோசனைக்கும் பயிற்சி வேண்டும். ஊசி போடக் கற்றுக்கொண்டது போலத்தான் இதையும் கற்றுக்கொண்டோம்.

ஆனால் நிர்வாகங்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கின்றன. சிரித்த முகமாக இரு, பொறுத்துக்கொள் என்று அரை நாள் பயிற்சி வைத்துவிட்டு, உணர்வுசார் நுண்ணறிவு என்று அதற்குப் பெயர் சூட்டுகிறார்கள். ஆர்லி ஹோக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, வேலைக்காக உணர்வை மாற்றிக் காட்டும் இந்த உழைப்பை 1983-இல் உணர்வுழைப்பு என்று விளக்கினார். உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று என்று நடிப்பது ஒரு வகை. எதிரில் இருப்பவரின் நிலையை உள்வாங்கி, தன் உணர்வையே மாற்றிக்கொள்வது இன்னொரு வகை. முதல் வகைதான் ஆளை அதிகம் வற்றவைக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. சிரிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் பயிற்சி அந்த முதல் வகையைத்தான் வளர்க்கிறது.

இந்தத் திறன் கூடுதலாக உள்ள செவிலியர்களிடம் வேலையில் மனநிறைவும் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதை நான் நம்புகிறேன். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் கேள்வித்தாள் கொடுத்து எடுத்தவை. திறன் நிறைவைத் தந்ததா, நல்ல வார்டு இரண்டையும் தந்ததா என்று அவற்றை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா எய்கென் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஒரு செவிலியருக்குக் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், பணிச்சோர்வுக்கான (burnout) சாத்திய விகிதம் 23 சதவீதமும் பணியில் அதிருப்திக்கானது 15 சதவீதமும் அதிகமாக இருந்தது. அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறப்பதற்கான விகிதமும் 7 சதவீதம் அதிகம். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் பணிச்சோர்வை வேலையிடம் சார்ந்த நிகழ்வு என்றே வகைப்படுத்தியது. ஆள் போடாமல் பயிற்சி மட்டும் போடுகிறவர்களிடம் இந்த எண்களை எடுத்துச் சொல்லுங்கள், தயங்காதீர்கள்.

என்னை அதிகம் உலுக்கிய ஆய்வு இன்னும் பழையது. இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் அதை 1960-இல் வெளியிட்டார். லண்டனில் ஒரு மருத்துவமனையில் செவிலியர்கள் நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிப்பிடுவதைக் கவனித்தார். வேலையும் துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது: ஒருத்தி எல்லோருக்கும் இதைச் செய்வாள், இன்னொருத்தி எல்லோருக்கும் அதைச் செய்வாள். யாரும் ஒரு நோயாளியோடு நெருங்கிவிடாமல், துயரம் தாக்காமல் இருக்க அமைப்பே கட்டிக்கொண்ட வேலி அது. வேலி துயரத்தைத் தடுக்கவில்லை. இவர் குணமானதில் என் பங்கு இருக்கிறது என்ற நிறைவைத்தான் தடுத்தது. இதைப் படித்தபோது என் நோட்டில் இருந்த அந்த ஒன்பதாம் பெட் கண்முன் வந்தது. நானும் வேலிக்குள்தான் நின்றிருந்தேன்.

பிறகு நான் வார்டு இன்சார்ஜ் ஆனபோது, காலை ஹேண்ட் ஓவரின் கடைசியில் இரண்டு நிமிடம் ஒதுக்கினேன். ஒரே கேள்வி: "ராத்திரி எது கஷ்டமா இருந்தது?" முதல் வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானே என் கதையைச் சொன்னேன். அடுத்த வாரம், சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண் ஒருத்தி, நோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாலாம் பெட் தாத்தா ராத்திரி பூரா என்னை அவர் மக பேரைச் சொல்லியே கூப்பிட்டார். நான் இல்லன்னு சொல்லல." யாரும் அறிவுரை சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவள் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். "அந்தப் பேர் என்னடி?" என்று கேட்டாள் பகல் டியூட்டிக்கு வந்தவள். கேட்டுக்கொண்டு, தோளில் மாட்டிய பையைக்கூட வைக்காமல் நேராக நாலாம் பெட்டுக்குப் போனாள்.