டென்ட் சேல்ல ஜாயிண்டர் சிக்கிருச்சு, ஆனா அந்த ஸ்டிக்கர் இருக்கே...

வணக்கம் மக்களே. பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடி நிக்கிறது என்னன்னு இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பீங்க. ஆமா, 8 இஞ்ச் ஜாயிண்டர், அதாவது 8 இஞ்ச் அகலம் வரைக்கும் பலகைய இழைச்சு நேராக்குற மெஷின்! டென்ட் சேல்ல எடுத்தேன். நம்ம பழைய 6 இஞ்ச் மேல எனக்கு எவ்வளவு கடுப்புன்னு பழைய வீடியோ பாத்தவங்களுக்கு தெரியும், பலகை 7 இஞ்ச் அகலம் வந்தா போச்சு, நடுவுல கிழிச்சு, இழைச்சு, திரும்ப ஒட்டணும். அந்த கதை முடிஞ்சுது.

விலை கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். புதுசுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்துல ஒரு நல்ல டஸ்ட் கலெக்டர் வாங்கலாம், அவ்வளவுதான்.

டென்ட் சேல்னா என்ன, டிஸ்ப்ளேக்கு வச்சது, லாரில அடிபட்டது, வாங்கினவங்க திருப்பி அனுப்பினது, எல்லாத்தையும் ஒரு கூடாரத்துக்கு அடியில கொட்டி வச்சு, இருக்கிறது இருக்கிறபடி எடுத்துக்கோ, வாரன்ட்டி கிடையாது, திருப்பி எடுக்க மாட்டோம்னு விக்கிறது. அதனால நான் எப்பவும் பை நிறைய சாமானோடதான் போவேன். நீளமான ஸ்ட்ரெயிட் எட்ஜ் (கோணாத இரும்பு ஸ்கேல்), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடுங்க), மூலமட்டம், டார்ச். நுணுக்கமா அளக்குற டயல் கேஜும் எடுத்துட்டு போனேன். ஒரு அண்ணன் வந்து "தம்பி நீங்க இன்ஸ்பெக்டரா"ன்னு கேட்டாரு!

டெய்லரிங் மெஷின் சைஸுக்கு இருக்கிற அலுமினியம் பெட் (பலகைய வச்சு தள்ளுற மேசை) ஜாயிண்டர் எல்லாம் வரிசையா வச்சிருந்தாங்க, அத நான் தொட்டுகூட பாக்கல. என் அபிப்பிராயம் தெரியும்ல. பெட் நீளமே இல்லாம பலகைய எப்படி நேராக்குறது? அடுத்தது டேபிள் சா, மேசைக்கு நடுவுல வட்ட பிளேடு நிக்கிற ரம்பம். பாக்க பளபளன்னு, பெயின்ட்ல ஒரு கீறல் கூட இல்ல. குனிஞ்சு கீழ டார்ச் அடிச்சா ட்ரன்னியன், அதாவது பிளேடு பாகத்த டேபிளுக்கு அடியில தாங்குற வார்ப்பு, விரிசல் விட்டிருக்கு! பெட்டியோட கீழ போட்டுருப்பாங்க, வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விட்டுரும். மேல பாத்துட்டு எடுத்திருந்தா பிளேடு ஒரு நாளும் டேபிள்ல இருக்கிற ஸ்லாட்டுக்கு நேரா நிக்காது. பக்கத்துலயே ஒரு பேண்ட் சா, ரெண்டு வீல்ல ரம்பப் பட்டை சுத்துற மெஷின், கதவு நசுங்கி பாவமா இருந்துச்சு, ஆனா வீல சுத்தி பாத்தா எங்கயும் உரசல, டயரும் நல்லா இருக்கு. தகரத்துல நசுங்கினது ஒரு விஷயமே இல்ல, தட்டி எடுத்துரலாம். நான் எடுக்கல, என்கிட்ட இருக்கே.

சரி, ஸ்டிக்கருக்கு வரேன். இத பேசாம எனக்கு தூக்கம் வராது.

இந்த ஜாயிண்டரோட இன்ஃபீட் டேபிள் (பலகை உள்ள போற பக்கத்து மேசை) மேல, மெஷின் பண்ணி வழுவழுன்னு இருக்கிற அந்த பரப்பு மேல, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். ஸ்டாண்டுல ஒட்ட இடமே இல்லையா? மோட்டார் கவர்ல ஒட்டுனா ஆகாதா? எனக்கு கோவத்த விட சந்தேகம்தான் ஜாஸ்தி, ஏன்னா ஸ்டிக்கருக்கு அடியில விரிசலோ துரு தின்ன குழியோ இருந்தா? மேலாக்க இருக்கிற துரு பரவாயில்ல, ஸ்க்ரப் பேடும் எண்ணெயும் போட்டு தேய்ச்சா போயிடும். குழி விழுந்தா போகாது. அதனால உரிச்சு காட்டுங்கன்னேன். அங்க இருந்த தம்பி, "சார் அத எடுத்தா பில் போட முடியாது, பார்கோடு அதுலதான் இருக்கு"ன்னான். பாருங்க நியாயத்த! கடைசில பாதி உரிச்சு, டார்ச் அடிச்சு, நகத்த வச்சு ஓட்டி பாத்து, ஒண்ணும் இல்லன்னு ஆனப்புறம் திரும்ப ஒட்டி, பில் போட்டாச்சு.

வீட்டுக்கு வந்து எடுத்தா பேப்பர் மட்டும் வருது, பசை அப்படியே டேபிள்ல. பிளேடு வச்சு சுரண்டுங்கன்னு சொல்லாதீங்க, கோடு விழும். ஹேர் ட்ரையர் காட்டி, தின்னர் துணிய மேல போட்டு ஊற வச்சு, பழைய ப்ளாஸ்டிக் கார்டால தள்ளி தள்ளி எடுத்தேன், என் சாயந்தரமே வீணா போச்சு. தின்னரையும் ஹேர் ட்ரையரையும் ஒண்ணா வச்சுக்காதீங்க, சூடு முதல்ல, அத எடுத்து வச்சுட்டு கதவ திறந்து விட்டு அப்புறம் தின்னர். முடிஞ்சதும் பேஸ்ட் வாக்ஸ் போட்டேன். சிலிகான் கலந்தது வேண்டாம், அது மரத்துல ஏறிச்சுன்னா பாலிஷ் போடும்போது புள்ளி புள்ளியா விலகும்.

ஆ, முக்கியமானத விட்டுட்டேன், டேபிள் ரெண்டும் ஒரே மட்டமான்னு பாத்த கதை. அவுட்ஃபீட் (பலகை வெளிய வர்ற பக்கத்து டேபிள்) மேல ஸ்ட்ரெயிட் எட்ஜ அழுத்தி, அது இன்ஃபீட் மேல நீண்டு நிக்கிற மாதிரி வச்சு, இன்ஃபீட தூக்கி தொடற அளவுக்கு கொண்டு வந்து, அடியில ஃபீலர் கேஜ் விட்டு பாத்தேன். ரெண்டு ஓரம், நடு, குறுக்கு, எங்கயுமே 0.05 மில்லி தகடு நுழையல. டென்ட்டுக்குள்ளயே ஒரு சின்ன டான்ஸ் போட்டேன். வீடியோ எடுக்கல, நல்லவேளை. கட்டர்ஹெட் (மரத்த சீவுற உருளை) ஹெலிக்கல், நீள பிளேடுக்கு பதிலா சுருளா வச்ச சின்ன சின்ன கார்பைடு துண்டு, ஒவ்வொண்ணுக்கும் நாலு முனை, ஒரு முனை மழுங்கினா திருப்பி போட்டுக்கலாம். ஒண்ணு ரெண்டு மூக்கு உடைஞ்சிருக்கு, அதத்தான் திருப்பணும்.

இதே மாடல் பக்கத்துல இன்னொண்ணு இன்னும் மலிவா இருந்துச்சு, ஏன்னு மோட்டார் பிளேட்ட படிச்சா த்ரீ ஃபேஸ், நம்மகிட்ட சிங்கிள் ஃபேஸ்தான். விஎஃப்டி, அதான் சிங்கிள் ஃபேஸ் கரன்ட்ட த்ரீ ஃபேஸா மாத்தி குடுக்குற பெட்டி, போட்டிருக்கலாமேன்னு கமென்ட்ல வருவீங்க, தெரியும். போடலாம்தான். ஆனா அந்த விஎஃப்டி விலைய சேத்தா மலிவு எங்க போச்சு? அதோட மோட்டார் வேற 5 ஹெச்பி, அதுக்கு சிங்கிள் ஃபேஸ் இன்புட்ல விஎஃப்டி தேடி பாருங்க, அப்புறம் பேசலாம்.

எடை 200 கிலோ பக்கம். ஃபென்ஸ (பலகைய சாய்ச்சு ஓட்டுற தடுப்ப) கழட்டிட்டு அடிப்பாகத்துலதான் பெல்ட் போடணும், டேபிள புடிச்சு தூக்கினா மட்டம் போயிடும். தூக்க வந்த ரெண்டு பேரும் டேபிள்லதான் கைய வச்சாங்க, நான் கத்தினது தெரு முழுக்க கேட்டிருக்கும்.

இன்னும் ஓட்டி பாக்கல. டென்ட்ல கரன்ட்டே கிடையாது, கையால சுத்தி பியரிங் சத்தம் கேட்டேன், கெப்பாசிட்டர் உப்பியிருக்கான்னு பாத்தேன், அவ்வளவுதான் முடிஞ்சுது. இதோட 3 ஹெச்பி மோட்டாருக்கு தனி லைன் இழுக்கணும், எலக்ட்ரீஷியன் வரேன்னு சொல்லியிருக்காரு, எப்ப வருவாருன்னு சொல்லல. வந்ததும் லைவ் போடறேன், முதல் பலகை அந்த 7 இஞ்ச்தான்.