ஒன்றேகால் அங்குல வாசல்

நேயர்களுக்கு வணக்கம். பறவைக் கூண்டு பற்றிப் பேசுங்கள் என்றுதான் என்னை அழைத்தார்கள். கூண்டு என்றால் அடைத்து வைப்பது. நான் பேச வந்தது சுவரில் மாட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடும் கூட்டுப்பெட்டியைப் பற்றி. பிடித்தால் பறவை வரும், பிடிக்காவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது.

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் வீடு. நான் சிறுவனாக இருந்தபோது வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றிச் சாமி படங்களும் முன்னோர் படங்களும் சாய்வாக மாட்டியிருக்கும். படத்துக்குப் படம் பின்னால் ஒரு குருவிக் குடும்பம். அப்பத்தா சுளகை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்தால் போதும், குருணைக்கு வந்து நிற்கும். சாப்பிடும்போது இலையில் வைக்கோல் விழுகிறதே, கலைத்துவிடலாமா என்று கேட்டால், "இருக்கட்டும் விடப்பா, அதுவும் பிள்ளைத்தாய்ச்சிதானே" என்பார்.

அந்த வீட்டைக் கட்டியவர்கள் குருவிக்கென்று எதுவும் செய்யவில்லை. நாட்டு ஓட்டுக்கு அடியில் சந்து, உத்திரம் சுவரில் ஏறும் இடத்தில் இடுக்கு, சாரம் கட்டிய பொந்து, செம்புறாங்கல் மதிலில் கல் பெயர்ந்த குழி என்று தானாக அமைந்தவை அவை. இன்றைய கான்கிரீட் வீட்டில் விரல் நுழைய இடமில்லை. சிட்டுக்குருவி குறைந்ததற்குச் செல்போன் கோபுரம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள்; எனக்கு அதில் நம்பிக்கையில்லை. குடியிருக்கப் பொந்தும் குஞ்சுக்குக் கொடுக்கப் புழு பூச்சியும் போன பிறகு, கோபுரத்தைக் குறை சொல்லி என்ன பயன்? தாய்க்குருவி தானியம் தின்னும். ஆனால் குஞ்சுக்கு முதல் சில நாள் பூச்சிதான் வேண்டும்.

பொந்தில் வாழும் பறவைகளில் தானே குடைந்துகொள்ளும் சாதி ஒன்று உண்டு. மரங்கொத்தியும் குக்குறுவானும் அப்படி. முருங்கைக் கிளை பட்டுப்போனால் அதன் அடிப்பக்கத்தில் வட்டமாக ஒரு துளை தெரியும், பார்த்திருப்பீர்கள். அது குக்குறுவான் வேலை. வெறும் பெட்டியை இவை பெரும்பாலும் சீண்டுவதில்லை. குடைய அலகு போதாத மற்றவை, இவை விட்டுப்போன பொந்தில் குடியேறும். மொட்டைப் பனையின் உச்சியில் கிளியும் பனங்காடையும் இடம் பார்ப்பதும் அதனால்தான். பட்ட மரத்தை உடனே வெட்டி விறகாக்காதீர்கள் என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் கேட்பதில்லை, அது வேறு கதை.

சரி, பெட்டிக்கு வருகிறேன். நான் செய்த முதல் பெட்டி வீணாய்ப் போனது. பழைய தேக்குப் பலகை, இழைப்பு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தாராளமாக இருக்கட்டும் என்று வாசலை இரண்டங்குலத்துக்குத் துளைத்துவிட்டேன். குருவி ஜோடி வந்து புல் அடைத்து முட்டையும் இட்டது. நான்காம் நாள் காலையில் தரையில் உடைந்த முட்டை ஓடு. மேலே நிமிர்ந்தால் வாசலில் மைனா தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது! மைனா அப்படித்தான். முட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் சாமானை இறக்கிவிடும். அதன் கூட்டில் என்னென்ன இருந்தன தெரியுமா? கிழிந்த துணி, சாக்லேட் காகிதம், பிளாஸ்டிக் கயிறு, பாம்புச் சட்டைத் துண்டு ஒன்று. இவ்வளவு குப்பைக்கு நடுவில் நீல நிறத்தில் நாலு முட்டை, அழகோ அழகு. கோபம் இருந்தாலும் கலைக்க மனம் வரவில்லை.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. யார் குடிவர வேண்டும் என்பதை நாம் துளை போடும்போதே முடிவு செய்துவிடுகிறோம். சிட்டுக்குருவிக்கு ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீட்டர். அதில் மைனா நுழையாது. பெட்டியின் அடித்தளம் ஆறங்குலச் சதுரம் இருந்தால் போதும். துளைக்குக் கீழே ஐந்தாறு அங்குல ஆழம் விடுங்கள், பூனை கையை உள்ளே விட்டால் எட்டக் கூடாது. வாசலில் உட்காரக் குச்சி வைக்காதீர்கள். குருவிக்கு அது வேண்டியதில்லை, காக்கைக்குத்தான் வசதி. என் இரண்டாவது பெட்டியை மேற்குச் சுவரில் மாட்டிவிட்டுச் சித்திரை வெயிலில் தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. அப்புறம்தான் முகப்புத் தாழ்வாரத்தின் நிழலுக்கு மாற்றினேன். குருவி கூட்டத்தோடு வாழ்வது, ஒரே சுவரில் மூன்று நான்கு பெட்டிகள்கூட மாட்டலாம்.

குண்டுகரிச்சானிடம் அந்தக் கதை நடக்காது. வண்ணாத்திக்குருவி என்றும் சொல்வோம், கறுப்பு வெள்ளையில் வாலைத் தூக்கிக்கொண்டு நடக்குமே, அதுதான். பங்குனி பிறந்தால் விடியுமுன் மாடி விளிம்பில் நின்று பாடுவது ஆண். ஒரு தோட்டத்துக்கு ஒரு ஜோடிதான், இன்னொரு ஆண் வந்தால் சண்டை. கூடு கட்டுவதும் அடைகாப்பதும் பெண், ஆண் காவல். இதற்கு அகன்ற வாசல் வேண்டும், முன்பக்கத்தின் மேல்பாதி திறந்திருந்தாலும் சரி. பழைய தபால் பெட்டி, மோட்டார் கொட்டகையில் தொங்கும் சட்டி, எதையும் விடாது.

நம் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில் 2020-ல் நடந்தது நினைவிருக்கும். தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னக் குருவி முட்டையிட்டுவிட்டது. சுவிட்சைத் தொட்டால் கூடு கலையும் என்று ஊரே ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கில்லாமல் இருந்தது. குஞ்சு பறந்த பிறகுதான் விளக்கு எரிந்தது. இதே மாவட்டத்தில்தானே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமும் இருக்கிறது. பறவைகள் மிரளும் என்று அதன் பக்கத்திலுள்ள கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

அடுத்தது பலருக்கும் பிடிக்காத ஆள், கூகை என்னும் ஆந்தை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் மேல்மாடியில் இதுதான் இப்போது குடியிருப்பு. சாக்குருவி என்று விரட்டுகிறார்கள். கூகை புல்லோ வைக்கோலோ கொண்டுவராது, வெறும் பலகையில் வெள்ளை முட்டை இடும். முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்குவதால், குஞ்சுகள் அண்ணன் தம்பி மாதிரி ஏறுவரிசையில் இருக்கும். பக்கத்து வீட்டின் சாவி என்னிடம் இருக்கிறது. போன மாதம் மாடியில் கறுப்பாக, கட்டைவிரல் பருமனில் உருண்டைகள் கிடந்தன. கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டிக் கக்கிவிடும். ஒன்றை வெந்நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தேன். மயிர் பிரிந்து ஒதுங்கியதும் இரண்டு மண்டையோடுகள் வந்தன. எலியின் முன்பல் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும், அது அப்படியே இருந்தது. பேத்தி அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். நம் ஊர்க்காரர்கள் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போன மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கூகைக்குப் பெட்டி வைக்கிறார்கள். ஐந்தாறு அங்குல வாசலோடு பெரிய பெட்டி வேண்டும். நம் வயல்வரப்பில் கம்பம் நட்டு வைத்தால் எலி மருந்துச் செலவு மிச்சம்தானே?

கொண்டலாத்தியைச் சொல்லாமல் விட முடியாது. மதில் பொந்தில் கூடு வைக்கும், சில சமயம் பெட்டிக்கும் வரும். பெட்டை அடைகாக்க, சேவல் இரை கொண்டுவந்து ஊட்டும். தலையில் விசிறிக் கொண்டையோடு பார்க்க ராணி மாதிரி. ஆனால் கூட்டுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனால் அழுகின இறைச்சி நாற்றம். அடைகாக்கும் பெட்டையும் குஞ்சுகளும் வாலடிச் சுரப்பியிலிருந்து அந்த நாற்ற எண்ணெயைச் சுரக்கின்றன. எதிரி ஒதுங்கிப் போகும், அதில் உள்ள நுண்ணுயிர்கள் முட்டையைக் கெடாமல் காக்கவும் செய்யும். அதைத் தாண்டியும் யாராவது எட்டிப் பார்த்தால், குஞ்சு பின்பக்கத்தைத் திருப்பி எச்சத்தைப் பீய்ச்சி அடிக்கும். என் சட்டை ஒன்று அதற்குப் பலியானது.

பெட்டி மாட்ட நினைப்பவர்கள் தை மாதத்துக்குள் மாட்டிவிடுங்கள். குஞ்சு பறந்ததும் பழைய கூட்டை எடுத்துப் பெட்டியைச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் பேன் அடையும். என் தாழ்வாரப் பெட்டியில் இந்த வருஷம் குருவி இரண்டு முறை குஞ்சு பொரித்தது. பிரித்துப் பார்த்தால் வைக்கோல், கோழி இறகு, நடுவில் கொடியில் காய்ந்த கண்டாங்கிச் சேலையின் சிவப்பு நூல். மூன்றாவதாக இப்போது அணில் வந்து வாசலைக் கடித்துப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறது. நாளைக்குப் போய் துளையைச் சுற்றித் தகரம் அறைய வேண்டும். வணக்கம்.