ரேடியோ மடலில் எக்ஸ் கதிர் பிறப்பது எப்படி?

மொரீஷியஸ் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

நம் பிரா தோவில் கிழக்கு மேற்காக 2 கிலோமீட்டருக்கு 1,024 சுருள் ஆன்டெனாக்களை நட்டு, 151.5 மெகாஹெர்ட்ஸில் தென்வானத்தை அளந்தார்கள். சுருள் ஒவ்வொன்றும் தெற்கே 20 பாகை சாய்ந்திருந்தது. நம் தலைக்கு மேலே −20 பாகை, அதாவது வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகை. சாய்த்துவிட்டதால் பார்வையின் நடு −40 பாகைக்குப் போய்விட்டது. ஃபோர்னாக்ஸ் ஏ என்னும், ரேடியோ அலை வீசும் விண்மீன் மண்டலம் இருப்பது −37 பாகையில்.

எக்ஸ் கதிரைப் பேச வந்தவன் ஆன்டெனாவில் தொடங்கக் காரணம் உண்டு. ஆன்டெனா பிடிக்கும் ரேடியோ அலையை வீசும் எலெக்ட்ரான்தான் எக்ஸ் கதிரையும் எழுப்புகிறது.

மண்டலத்தின் இருபுறமும் ஊதிப் பருத்து நிற்பவை மடல்கள். ஒரு மடலின் காந்தப்புலம் 5 மைக்ரோகாஸ் (காஸ் என்பது காந்தப்புல அலகு) என்று வையுங்கள். அங்கே 151.5 மெகாஹெர்ட்ஸை வீச, எலெக்ட்ரானுக்குத் தன் ஓய்வு ஆற்றலைப்போல் ஏறத்தாழ 2,700 மடங்கு ஆற்றல் வேண்டும். அதே எலெக்ட்ரான்மேல் பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலை ஃபோட்டான் மோதுகிறது. ஃபோட்டானிடம் இருப்பது 0.0006 எலெக்ட்ரான் வோல்ட். 2,700-ஐ 2,700-ஆல் பெருக்கி, மேலும் மூன்றில் ஒரு பங்கு சேருங்கள்: ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு. மோதி வெளியேறும்போது அது 6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிர். இதுதான் தலைகீழ் காம்ப்டன் சிதறல். ஃபோர்னாக்ஸ் ஏ மடல்களில் இதை 1995-இல் கண்டார்கள்.

இதன் பயன் பெரிது. ரேடியோ வெளிச்சம் எலெக்ட்ரான் எண்ணிக்கையையும் காந்தப்புலத்தையும் சேர்த்தே சொல்லும். இரண்டையும் பிரிக்க வழியில்லை. எக்ஸ் கதிரோ எண்ணிக்கையை மட்டும் சொல்லும், ஏனென்றால் நுண்ணலைப் பின்னணி இன்று எங்கும் 2.725 கெல்வின். ரேடியோ வெளிச்சத்தை எக்ஸ் கதிர் வெளிச்சத்தால் வகுத்தால் காந்தப்புலம் கைக்கு வந்துவிடும்.

தவறு புகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மடலைச் சூழ்ந்த வெப்ப வாயுவும் எக்ஸ் கதிர் வீசும். நிறமாலையில் அந்த வாயுவின் அடையாளமான இரும்புக் கோடு தெரிந்தால் அந்தப் பங்கைக் கழித்தே ஆகவேண்டும். கழிக்காவிட்டால் எலெக்ட்ரான்கள் கூடுதலாகத் தெரியும், காந்தப்புலம் குறைந்துபோகும். ரேடியோ பக்கமும் அதே ஆபத்து: ஆன்டெனாக்களுக்கிடையே குறுகிய இடைவெளிகள் இல்லாவிட்டால் விரிந்த மடலின் வெளிச்சம் படத்தில் விழாது. அப்போதும் காந்தப்புலம் குறைவாகவே வரும்.

மண்டல மையத்திலிருந்து பீறிடும் தாரைகளின் கதை வேறு. 1999-இல் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி முதன்முதலில் குறிவைத்த பிகேஎஸ் 0637-752 குவாசாரில் (மிகப் பிரகாசமான தொலைதூர மண்டல மையத்தில்) நீண்ட எக்ஸ் கதிர்த் தாரை தென்பட்டது. நம்மை நோக்கி வேகமாகப் பாயும் தாரை நுண்ணலையைச் சிதறடிக்கிறது என்றார்கள். அது சரியென்றால் காமா கதிரும் வரவேண்டும். காமா கதிரைத் தேடும் ஃபெர்மி விண்கலம் எதிர்பார்த்த அளவில் அதைக் காணவில்லை. எனவே அங்கே எக்ஸ் கதிரைத் தருவது நேரடி சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு (காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான் தானே வீசுவது) என்பதே வலுவான விளக்கம். 100 மைக்ரோகாஸ் புலத்தில் அப்படி ஒளிரும் எலெக்ட்ரான் சுமார் 100 ஆண்டில் ஆற்றலை இழந்துவிடும். தாரையின் நீளமோ லட்சக்கணக்கான ஒளியாண்டு. மையத்தில் புறப்பட்ட எலெக்ட்ரான் அவ்வளவு தூரம் தாங்காது. வழிநெடுக, அந்தந்த இடத்திலேயே, ஏதோ ஒன்று அதை மீண்டும் முடுக்கிக்கொண்டே இருக்கிறது.